கடல் கடக்காமல் ஒரு வெளிநாட்டுப் பட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

சீனாவில் படிப்பு என்றதும் நம் ஊரில் பலருக்கும் நினைவுக்கு வருவது மருத்துவப் படிப்புதான். முகவர்கள், விளம்பரப் பலகைகள், திரும்பி வந்தபின் எழுதவேண்டிய தகுதித் தேர்வு என்று அது தனிக் கதை. இன்று நான் பேச வந்தது அதைப் பற்றியல்ல. சீன மண்ணில் இருந்துகொண்டு பிரிட்டன் பட்டமோ அமெரிக்கப் பட்டமோ கொடுக்கும் பல்கலைக்கழகங்கள் சில இருக்கின்றன. கிழக்குச் சீனாவில் அப்படியொன்றில் சில ஆண்டுகள் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், அங்கே மாணவர்களும் ஆசிரியர்களும் எப்படி வாழ்கிறார்கள் என்பதைச் சொல்லும்படி வானொலி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள்.

முதலில் இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2003ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு சட்ட விதி சீனாவில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் தனியாக வந்து கடை விரிக்க முடியாது. சீனக் கூட்டாளி ஒருவர் இருந்தாக வேண்டும். ஆட்சிக் குழுவில் பாதிக்குக் குறையாமல் சீனர்கள் இருக்க வேண்டும். பல்கலைக்கழகத் தலைவர் சீனக் குடிமகனாக இருக்க வேண்டும். அடுத்த ஆண்டே நிங்போ நகரில் பிரிட்டனின் நாட்டிங்காம் பல்கலைக்கழகம் வகுப்புகளைத் தொடங்கியது. அந்த நிங்போ வளாகத்தின் தலைவராக வந்தவர் யாங் ஃபூஜியா என்ற அணு இயற்பியலாளர். ஷாங்காயின் ஃபூதான் பல்கலைக்கழகத்துக்குத் தலைவராக இருந்தவர். 2001இல் நாட்டிங்காமின் வேந்தராகவும் ஆனவர். இங்கிலாந்து வளாகத்தில் உள்ள மணிக்கூண்டுக் கட்டடத்தைப் போலவே நிங்போவிலும் ஒன்றைக் கட்டினார்கள். அந்தப் புகைப்படத்தைக் காட்டினால் எந்த நாடு என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. 2006இல் சுஜோ நகரில் சீனாவின் ஷிஆன் ஜியாவ்தோங் பல்கலைக்கழகமும் பிரிட்டனின் லிவர்பூல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒன்றைத் தொடங்கின. அங்கே படித்து முடிப்பவர் கையில் இரண்டு பட்டங்கள் இருக்கும், ஒன்று சீனாவுடையது, மற்றொன்று லிவர்பூலுடையது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஷாங்காய் வளாகத்தில் 2013இல் முதல் அணி சேர்ந்தது. குன்ஷானில் டியூக், வென்ஜோவில் கீன் என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வரிசை நீள்கிறது.

பெயரில் சர்வதேசம் இருந்தாலும், இவற்றில் பெரும்பாலானவற்றில் வகுப்பறைக்குள் நுழைந்தால் எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் மிகப் பலர் சீனப் பிள்ளைகளே. மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வெளிநாட்டினர் என்று தொடக்கத்திலிருந்தே திட்டமிட்டு நடத்தும் நியூயார்க் பல்கலைக்கழக வளாகம் விதிவிலக்கு. மற்ற இடங்களில் வெளிநாட்டு மாணவர்கள் சிறு கூட்டம்தான். அயல்நாட்டுக் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் ஆசிரியர் அறைகளின் பக்கம் போக வேண்டும். கிரேக்கர், நைஜீரியர், ஈரானியர், இத்தாலியர், ஸ்காட்லாந்துக்காரர், நம்மைப் போன்ற இந்தியர் என்று ஒரே மாடியில் ஓர் உலக வரைபடமே தொங்கும்.

இந்தச் சீனப் பிள்ளைகள் யார்? ஜூன் மாதம் ஏழாம் தேதி தொடங்கும் காவ்காவ் என்ற தேசிய நுழைவுத் தேர்வை ஆண்டுதோறும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் எழுதுகிறார்கள். பெரும்பாலான மாகாணங்களில் அதற்கு மொத்த மதிப்பெண் 750. அந்தத் தேர்வில் நன்றாகவே எழுதியும், பெய்ஜிங்கின் முதல்தரக் கல்விக்கூடங்களுக்குச் சில மதிப்பெண் குறைந்துபோனவர்கள் இங்கே கணிசமாக உண்டு. குடும்பத்துக்கு வசதியும் இருக்க வேண்டும். அரசுப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு ஐந்தாறாயிரம் யுவானில் முடிகிற படிப்புக்கு இங்கே ஒரு லட்சம் யுவானை ஒட்டிக் கட்டணம் கேட்பார்கள். நம் பணத்தில் பன்னிரண்டு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரில் தொழிற்சாலை முதலாளி உண்டு. அரசு அதிகாரி உண்டு. இரண்டாவது வீட்டை விற்றுக் கட்டணம் கட்டிய பள்ளி ஆசிரியையும் உண்டு. ஒரே பிள்ளை என்பதால் அந்தப் பிள்ளையின் மீது தாத்தா பாட்டிகளின் பணமும் சேர்ந்து வந்து நிற்கும்.

இந்தப் பிள்ளை முதலாண்டில் வந்து இறங்கியதும் முதலில் போவது இராணுவப் பயிற்சிக்கு. சீனக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் உள்ள வழக்கம் அது. பச்சைப் புள்ளிச் சீருடையில் வெயிலில் அணிவகுத்து நிற்பார்கள். பயிற்சி முடிந்தபின் ஆங்கிலத்தில் கல்விக் கட்டுரை எழுதப் பழக்கும் வகுப்பு. இரண்டுக்கும் இடையே சில நாள்களே. ஓரிடத்தில் கேள்வி கேட்காமல் நிற்கக் கற்றுக்கொண்டு வந்தவனிடம் இன்னோரிடத்தில், "நீ ஏன் கேள்வியே கேட்கவில்லை?" என்பார்கள். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிகிறது என்பது அந்த வாரத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிடும்.

சிறு குழு வகுப்புகளில் முதல் சில வாரங்களுக்கு மௌனம்தான். பன்னிரண்டு ஆண்டுகளாக, சரியான விடை தெரிந்தால் மட்டுமே வாயைத் திறக்கலாம் என்று பழக்கப்பட்டவர்கள். வகுப்பில் யாரும் பேச மாட்டார்கள். இரவு பதினொரு மணிக்கு வீசாட் என்ற அலைபேசிச் செயலியில் செய்தி வரும். "ஐயா, காலையில் நீங்கள் சொன்ன கோட்பாட்டில் எனக்கு ஓர் ஐயம்" என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதியிருப்பார்கள். அதில் உள்ள ஐயம் நன்றாகவே இருக்கும். அவர்கள் சிந்திப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் ஐரோப்பிய ஆசிரியர்கள் இரவுச் செய்திகளைப் படிப்பதில்லை என்று எண்ணிக்கொள்வேன்.

சரி, மதிப்பெண்ணுக்கு வருகிறேன். இந்தப் பல்கலைக்கழகங்களின் உயிர்நாடி எது என்று என்னைக் கேட்டால் மணிக்கூண்டையும் ஆங்கிலத்தையும் விட்டுவிட்டு மதிப்பெண்ணைத்தான் சொல்வேன். பிரிட்டன் முறையில் 40 எடுத்தால் தேர்ச்சி. 60 முதல் 69 வரை நல்ல இரண்டாம் வகுப்பு. 70 எடுத்துவிட்டால் முதல் வகுப்பு. அதற்கு மேலே கொடுக்கக் கை வராது. சீனப் பள்ளிகளிலோ 60க்குக் கீழே இருந்தால் தோல்வி. கெட்டிக்காரப் பிள்ளை 95க்குக் குறைந்தால் வீட்டில் விசாரணை. ஆக, முதல் கட்டுரைக்கு 58 வாங்கிய மாணவி என்ன நினைப்பாள்? பிரிட்டனில் அது பரவாயில்லை என்கிற மதிப்பெண். அவள் வீட்டில் அது தோல்வி. இப்படிப்பட்டவர்கள் என் அறைக்கு வந்து அழுவார்கள். அம்மாவிடமிருந்து நிர்வாக அலுவலகத்துக்குத் தொலைபேசி வரும். பிரிட்டனின் 58 வேறு, உன் வீட்டின் 58 வேறு என்று ஒரு பருவம் முழுக்க விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆசிரியர் நினைத்தாலும் கூடுதலாகக் கொடுத்துவிட முடியாது. பிரிட்டன் பட்டம் கொடுக்கும் இடத்தில் வினாத்தாளை முன்கூட்டியே எழுதி, வேறொருவர் சரிபார்த்து, வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட புறத் தேர்வாளர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். திருத்திய விடைத்தாள்களில் சிலவற்றை இன்னோர் ஆசிரியர் மறுபடி பார்ப்பார். சராசரி கூடியிருந்தால் ஏன் என்று கேட்பார்கள், குறைந்திருந்தாலும் கேட்பார்கள். சலிப்பான வேலைதான். ஆனால் பட்டச் சான்றிதழில் அயல்நாட்டு முத்திரை விழுவதற்கு அந்தச் சலிப்பே காரணம். மாணவர்களுக்கும் இது வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை. பட்டம் முடித்தபின் மிகப் பலர் மேற்படிப்புக்கு லண்டன், ஹாங்காங், ஆஸ்திரேலியா என்று போகிறார்கள். 59க்கும் 60க்கும் நடுவில் உள்ள ஒற்றை எண்ணில் ஒரு சேர்க்கைக் கடிதம் தொங்கிக்கொண்டிருக்கும்.

விடுதி வாழ்க்கை முழுக்கச் சீனம். பதினொன்றரை மணிக்கே மதிய உணவுக்கு வரிசை. பன்னிரண்டரைக்குப் போனால் நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும். பிறகு மதியத் தூக்கம். நூலகத்தில் வரிசை வரிசையாகத் தலைகள் மேசைமேல் கவிழ்ந்திருக்கும். அந்த நேரத்தில் கூட்டம் வைக்கும் புதுப் பேராசிரியரை யாரும் மன்னிப்பதில்லை. நவம்பர் 11ஆம் தேதி இணையக் கடைகளின் தள்ளுபடித் திருவிழா. அடுத்த வாரம் முழுக்க வளாகத்தின் பொட்டல நிலையத்தில் அட்டைப்பெட்டி மலைகள். வகுப்பில் ஆங்கிலத்தில் விவாதித்தவர்கள் வாசலைத் தாண்டியதும் சீனத்துக்குத் திரும்பிவிடுவார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நம் பொறியியல் கல்லூரிகளிலும் ஆங்கில வகுப்பு முடிந்ததும் தமிழ்தானே?

வெளிநாட்டு மாணவர்களின் நிலை வேறு. பல வளாகங்களில் அவர்களுக்குத் தனி விடுதி. இராணுவப் பயிற்சி கிடையாது. சீன மாணவர்கள் கட்டாயமாகப் படிக்கும் அரசியல், குடிமைப் பாடங்களும் கிடையாது. வசதிதான். ஆனால் அந்த வசதியே அவர்களைத் தனித் தீவாக்கிவிடுகிறது. ஷாங்காயில் நியூயார்க் பல்கலைக்கழகம் தொடக்க ஆண்டுகளில் ஒரு சீன மாணவரையும் ஒரு வெளிநாட்டு மாணவரையும் ஒரே அறையில் போட்டது. எனக்குத் தெரிந்து இந்தப் பல்கலைக்கழகங்கள் செய்த மிகப் புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

வகுப்பில் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று பலரும் என்னைக் கேட்பதுண்டு. என் கையில் யாரும் பட்டியல் கொடுத்ததில்லை. ஆனாலும் எல்லோர் மனத்திலும் ஒரு பட்டியல் இருந்தது. வளாகத்தில் கம்யூனிஸ்ட் கட்சிக் குழு உண்டு, அதற்குச் செயலாளர் உண்டு. அதை யாரும் மறைப்பதில்லை. பொருளியல் என்பதால் எனக்கு நெருக்கடி குறைவு. வரலாறும் அரசியலும் கற்பிப்பவர்கள் சொற்களை எடைபோட்டுத்தான் பேசினார்கள். சில சமயம் மாணவர்களே துணிந்து ஒன்றைக் கேட்டுவிடுவார்கள்; ஆசிரியர்தான் பேச்சை மாற்றுவார். முழுச் சுதந்திரம் என்று விளம்பரம் செய்பவர்களையும் நம்ப வேண்டாம்; வெறும் நாடகம் என்று தள்ளுபவர்களையும் நம்ப வேண்டாம். இரண்டும் அங்கே வேலை பார்க்காதவர்களின் தீர்ப்பு.

ஆசிரியர் வாழ்க்கை காகிதத்தில் தொடங்குகிறது. பட்டச் சான்றிதழுக்கு அத்தாட்சி, குற்றப் பின்னணி இல்லை என்ற சான்று, மருத்துவப் பரிசோதனை, பணி அனுமதி, பின்னர் வசிப்பு அனுமதி. வீடு எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிவு. நான் போன காலத்தில் வங்கிக் கணக்கும் அலைபேசி எண்ணும் அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியும் ஒன்றோடொன்று இணைந்தபிறகுதான் காய்கறி வாங்கவே வழி பிறந்தது. அதுவரை கையில் ரொக்கத்தை வைத்துக்கொண்டு, சில்லறை இல்லாத கடைக்காரர் முன் அசடு வழிந்து நிற்க வேண்டியிருந்தது.

விடுமுறை விஷயத்தில் ஒரு விசித்திரம். அக்டோபர் முதல் தேதி தேசிய நாளை ஒட்டி ஒரு வாரம் விடுமுறை. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அதில் சில நாள்களை முன்னோ பின்னோ வரும் சனி, ஞாயிறுகளில் வேலை செய்து ஈடுகட்ட வேண்டும். "வரும் ஞாயிறன்று வியாழக்கிழமைக் கால அட்டவணை" என்று மின்னஞ்சல் வரும். புதிதாக வந்த ஜெர்மானியர் அதை நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். மாணவர்கள் எல்லோரும் வகுப்புக்கு வந்திருந்தார்கள்.

ஒப்பந்தம் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கு மட்டுமே. வீட்டுப்படி கிடைக்கும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு ஓரளவு உதவி கிடைக்கும். ஆனால் வேர் விடச் சொல்லித் தருவார் இல்லை. மூன்றாம் ஆண்டில் புத்தக அலமாரி வாங்கலாமா வேண்டாமா என்று குடும்பத்தில் விவாதம் நடக்கும். துணைவருக்கு வேலை அனுமதி தனியாக வாங்க வேண்டும். அதனால் படித்த பெண்கள் பலர் வீட்டில் முடங்கிப் போனதைப் பார்த்திருக்கிறேன். நல்ல ஆசிரியர்கள் வெளியேறியதற்குச் சம்பளத்தைவிட இது பெரிய காரணம்.

பிறகு பெருந்தொற்று வந்தது. 2020 சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போன ஆசிரியர்கள் பலர் திரும்ப முடியவில்லை. மார்ச் 28ஆம் தேதி முதல், செல்லுபடியாகும் வசிப்பு அனுமதி இருந்தாலும் அயல்நாட்டவர் நுழையத் தடை. அடுத்தடுத்துச் சில தளர்வுகள் வந்தாலும், தனிமைப்படுத்தல் நீங்கி எல்லை சரியாகத் திறந்தது 2023 ஜனவரி 8ஆம் தேதிதான். இடைப்பட்ட காலத்தில் ஏதென்ஸிலும் லாகோஸிலும் இருந்துகொண்டு, சீன நேரத்துக்கு விழித்து வகுப்பெடுத்தார்கள். நியூயார்க்குக்குப் போக முடியாத சீன மாணவர்களோ ஷாங்காய் வளாகத்துக்கு வந்து படித்தார்கள். கடல் கடக்காமல் வெளிநாட்டுப் பட்டம் என்ற ஏற்பாட்டின் பயன் அப்போதுதான் பல பெற்றோருக்கு உறைத்தது. ஆசிரியர்கள் பக்கம் நிலைமை தலைகீழ். போனவர்களில் பலர் வரவேயில்லை. அந்த இடங்களில் இப்போது, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய சீனர்களை அதிகம் பார்க்கிறேன். பிள்ளைகளின் மனப்போக்கு அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பெற்றோரிடம் நேராகப் பேசவும் முடியும். ஆசிரியர் மாடியின் உலக வரைபடம் மட்டும் சுருங்கிக்கொண்டே வருகிறது.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் இளம் ஆய்வாளர்களில் யாருக்காவது இப்படிப்பட்ட இடத்திலிருந்து வேலை அழைப்பு வந்தால், சம்பளத் தொகையைக் கடைசியாகப் படியுங்கள். ஒப்பந்தப் புதுப்பிப்பு யார் கையில், எந்த அளவுகோலில் என்பதை எழுத்தில் கேளுங்கள். அறுபது வயதை நெருங்குபவரானால் பணி அனுமதிக்கான வயது விதியை விசாரியுங்கள். துணைவரின் வேலை, பிள்ளையின் பள்ளி இரண்டுக்கும் பதில் வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள். மகனையோ மகளையோ மாணவராக அனுப்ப நினைக்கும் பெற்றோர், பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வருகிறது, அது இந்தியாவில் செல்லுபடியாகுமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். விடுதி தனியா, கலந்தா என்றும் கேட்டுவிடுங்கள்.

நன்றி. வணக்கம்.