மெரினால போட்ட நிறுத்தப்போறீங்களா? முதல்ல இன்சூரன்ஸ் பாலிசிய பிரிச்சுப் படிங்க

வணக்கம் மக்களே! மெரினான்னதும் சுண்டல் ஞாபகம் வந்தா தப்பே இல்ல, ஆனா இன்னிக்குப் பேசப்போறது படகு நிறுத்துற மெரினா, அதுவும் அமெரிக்காவுல, ஃப்ளோரிடாவுல. கார் பார்க்கிங் மாதிரியே தண்ணில ஒரு இடம், ஸ்லிப்னு சொல்வாங்க, அதுக்கு வாடகை.

ஃப்ளோரிடா சட்டப்படி சொந்த போட்டுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் இல்ல. ஆர்கன்சா மாநிலத்துல 50 குதிரைத்திறனுக்கு மேல இன்ஜின்னா 50,000 டாலருக்காவது லயபிலிட்டி, அதாவது நம்ம போட்டால அடுத்தவங்களுக்கு வர்ற சேதத்துக்கான இன்சூரன்ஸ், எடுக்கணும், இங்க அதுவும் கிடையாது. அப்பாடான்னு மெரினா ஆபீஸ்ல போய் நின்னா அவங்க முதல்ல கேக்குறதே பாலிசி காப்பிதான்! வாடகை அக்ரிமென்ட்லயே போட்டிருப்பாங்க. 3 லட்சம் டாலர் லயபிலிட்டின்னு பல இடத்துல கேப்பாங்க, போட்டு பெருசுன்னா, இல்ல அதுலயே குடியிருக்கீங்கன்னா இன்னும் கூட.

என் போட்டு மூழ்கினா இவங்களுக்கு என்னன்னு தோணும். உங்க போட்ட பத்தி அவங்களுக்கு ஒரு கவலையும் இல்லைங்க, ராத்திரி கயிறு அறுந்து அது பக்கத்து போட்ட இடிச்சா, வயரிங் ஷார்ட்டாகி தீப்பிடிச்சு வரிசையா நாலு போட்டுக்குப் பரவினா அந்த பில்ல யார் கட்டுறதுங்கிறதுதான் கவலை. அதுக்குத்தான் லயபிலிட்டி. உங்க போட்டோட சேதத்துக்கு ஹல் கவரேஜ், அது தனி.

மெரினாவ அடிஷனல் இன்ஷூர்டா, அதாவது உங்க பாலிசிக்குள்ளயே வர்ற இன்னொரு பேரா, சேர்க்கச் சொல்வாங்க. உங்க போட்டால அடிபட்டவர் மெரினா மேல கேஸ் போட்டா அவங்களுக்கும் உங்க பாலிசி கைகொடுக்கணும்னுதான். வெறும் சர்டிபிகேட்ல பேர் இருந்தா பத்தாது, பாலிசிலயே ஏறியிருக்கான்னு ஏஜென்ட்ட கேளுங்க.

நிறைய பேர் படிக்காம விடுறது மூழ்கின போட்ட தூக்குற செலவு. டைவர், கிரேன், பார்ஜ்னு வந்தா பழைய போட்டோட விலையவே தாண்டிடும். சில பாலிசில இது ஹல் தொகைக்குள்ளயே அடங்கிடும், சிலதுல தனியா தருவாங்க, என்னைக் கேட்டா தனியா இல்லாத பாலிசி எவ்ளோ மலிவா இருந்தாலும் வேண்டாம். அப்புறம் தண்ணில கசியுற டீசல். 1989ல அலாஸ்காவுல எக்ஸான் வால்டீஸ் கப்பல் எண்ணெய கொட்டுச்சே, அதுக்கப்புறம் 1990ல வந்த சட்டப்படி எண்ணெய சுத்தம் பண்ற செலவு படகுக்காரர் தலையில. பாத்திரம் கழுவுற சோப்ப ஊத்தி மறைச்சிடலாம்னு நினைக்காதீங்க, அதுவே குற்றம்.

[திரையில்: கரையில குவிஞ்சு கிடக்குற படகுகள்]

திரையில தெரியுறது 2022 செப்டம்பர் 28ல வந்த இயன் புயல், ஃப்ளோரிடாவோட ஃபோர்ட் மையர்ஸ் ஊர். புயலுக்கு டிடக்டிபிள், அதாவது நம்ம கைக்காசு, தனிக் கணக்கு, பெரும்பாலும் சதவீதம். அதுவும் சேதத்துல இல்ல, காப்பீட்டுத் தொகைல. 80,000 டாலர் போட்டுக்கு 10 சதவீதம்னா 8,000. சேதம் 9,000ன்னா கைக்கு வர்றது 1,000தான்!

புயல் எச்சரிக்கை வந்தப்புறம் போட்ட எடுத்துட்டுப் போங்கன்னு பொதுவா மெரினா கட்டாயப்படுத்த முடியாது, ஃப்ளோரிடா சட்டம் அத தடுக்குது. ஆனா இன்சூரன்ஸ் கம்பெனி முன்னாடியே புயல் பிளான் எழுதி வாங்கியிருக்கும், அதுல கரையேத்திடுவேன்னு கையெழுத்து போட்டுட்டு ஸ்லிப்லயே விட்டிருந்தா கிளெய்ம் கேக்கும்போது முதல்ல அந்தத் தாளத்தான் எடுப்பாங்க. நீங்க அதுல என்ன எழுதினீங்கன்னு ஞாபகம் இருக்கா?