எல்லாம் பச்சை, ஆனா பில் மட்டும் வரல!

மக்களே, எல்லாரும் சொகமா இருக்கியளா? நாகர்கோவில் வீட்டு மொட்டை மாடிலருந்து பேசுதேன், காத்து சத்தம் கேட்டா பொறுத்துக்கிடுங்க. உள்ள இருந்தா இந்த ஆத்திரத்துக்கு எடம் பத்தாது.

மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல்னு கிளை வச்சிருக்க ஒரு மொத்த வியாபாரி. சாயங்காலம் ஆனா பில் போடுத ஸ்கிரீன் நின்னுரும். மெயின்டனன்ஸ் பாக்குத ஆளு என்ன சொன்னாரு தெரியுமா? "சர்வர் பழசு, ஒன்றரை லட்சத்துல புதுசு போடுங்க." ஒன்றரை லட்சம் மக்கா! அந்த சர்வரோட சிபியு 20 சதவீதம் தாண்டல. வேலை இல்லாம கெடக்குத மெஷின மாத்த ஒன்றரை லட்சமா? ஒரு கடைக்காரருக்கு அது எவ்வளவு பெரிய காசு!

சர்வர் எப்படி ஓடுதுன்னு கிராஃபா காட்டுத கிராபனா டாஷ்போர்டும் பச்சையாத்தான் இருந்துச்சு. அதுல இருந்தது பில்லு போட ஆவுத நேரத்தோட சராசரி. சராசரின்னா எனக்கு எவ்வளவு வெறுப்புன்னு பழைய வீடியோ பாத்தவியளுக்குத் தெரியும். 100 பில்லுல 97 பில்லு 0.2 செகண்டு, மூணு பில்லு 30 செகண்டுன்னு வைங்க. சராசரி ஒரு செகண்டு சொச்சம்தான் வரும். 99வது பெர்சென்டைல், அதாவது நூத்துல 99 பில்லு எவ்வளவு நேரத்துக்குள்ள முடியுதுன்னு போட்டாத்தான் அந்த 30 வெளிய வரும்.

அந்த 30தான் துப்பு. பில் போடுத ஜாவா மென்பொருள்ல, ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆவுதுன்னு குறிச்சு வைக்குத ஓப்பன்டெலிமெட்ரி ஜாவா ஏஜென்ட்ட மாட்டுனேன், கோடுல ஒரு வரி தொடல. அந்தக் குறிப்ப, அதாவது ட்ரேஸ, படமா காட்டுத யேகர்ல திறந்தா, டேட்டாபேஸ்ட்ட கேக்குத கொயரி ஓடுததுக்கு முந்தி நீளமா ஒரு காலியிடம்! அதே நேரத்துல, டேட்டாபேஸ் கனெக்ஷன்கள சேத்து வச்சுக் குடுக்குத ஹிகாரி பூல்ல, கனெக்ஷனுக்குக் காத்து நிக்குத பென்டிங் எண்ணிக்கை ஏறி நிக்கி. இந்த மென்பொருள் எழுதியிருக்க ஜாவா ஃப்ரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட்ல நாம மாத்தலன்னா 10 கனெக்ஷன்தான். கெடைக்கலன்னா 30 செகண்டு காத்திருந்து எரர். சாயங்காலம் எடுக்குத ஸ்டாக் ரிப்போர்ட்டு, கிளைக்குக் கிளை தனித்தனியா கனெக்ஷன புடிச்சு வச்சிட்டு விடல. கண்டுபிடிச்சதும் மாடி முழுக்கக் கேக்க ஒரு சத்தம் போட்டேன்.

ஆங், ஒண்ண விட்டுட்டேன். இந்த அளவெல்லாம் சேத்து வைக்குத புரோமிதியஸ், இடைவெளிய நாம குறிக்கலன்னா நிமிசத்துக்கு ஒருக்காதான் அளவு எடுக்கும். அதுக்குள்ள பூலு நெறஞ்சு காலியாயிரும், கிராஃப்ல தடமே இருக்காது. 15 செகண்டு வச்சுக்கிடுங்க.

ரிப்போர்ட்டுக்குத் தனி பூலு, டேபிள்ல தேதி இருக்க காலம்னுக்கு (column) சட்டுன்னு தேடி எடுக்க ஒரு இண்டெக்ஸ். புது சர்வர் வேண்டாம். "பூல 100 ஆக்கலாமே"ன்னு கேப்பிய. வேண்டாம், கூட்டம் அப்படியே டேட்டாபேஸ்ல போயி முட்டும். பென்டிங் ரெண்டு நிமிசம் பூஜ்யத்துக்கு மேல நின்னா அலர்ட் வரணும். அந்த ரூல எழுதிக் காட்டுதது அடுத்த வீடியோ.