ஒத்துக்காரர்

நேயர்களுக்கு வணக்கம்.

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டில் கல்யாணம். வளவை, அதாவது நடுமுற்றத்தை, ஒட்டிய பத்தியில் எங்கள் நால்வருக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள்: இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வயோலா ஒன்று, தரையில் ஊன்றி வாசிக்கும் பெரிய செல்லோ ஒன்று. நாதசுரக்காரர்கள் காபி குடிக்கப் போகும் இடைவெளி எங்களுடையது. பிரெஞ்சு இசையமைப்பாளர் பிசேயின் ‘கார்மென்’ ஓப்பராவில், அதாவது இசை நாடகத்தில், வரும் ஹபனேரா என்ற பாட்டை வாசித்து முடித்தோம். முன்வரிசையில் இருந்த ஆச்சி ஒருவர் என்னைக் கூப்பிட்டார். “தம்பி, நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பெரிய பிடில்காரர் மட்டும் ஆரம்பத்திலிருந்து ஒன்றையே வாசித்துக்கொண்டிருந்தாரே, அவர் ஒத்துக்காரரா?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். செல்லோக்காரர் சிரிக்கவில்லை.

நாதசுரத்துக்கு ஒத்து ஊதுபவருக்கு விரல் வேலை கிடையாது. ஒரே சுரம், மூச்சு அறுபடக் கூடாது, அவ்வளவுதான். அந்த இடத்தில் இப்போது சுருதிப் பெட்டி வந்துவிட்டது. ‘ஒத்து ஊதுகிறான்’ என்ற வசவு மட்டும் போகவில்லை. அந்த வசவை நினைத்துத்தான் செல்லோக்காரர் முகம் சுருங்கியது.

ஆனால் ஆச்சியின் காது தப்புச் செய்யவில்லை. 1875இல் பாரிஸில் அரங்கேறிய அந்த ஓப்பராவில், ஹபனேராவின் அடிநாதத்தைப் பிசே செல்லோக்களிடம்தான் கொடுத்திருக்கிறார். பாட்டு சுரத்துக்குச் சுரம் நழுவிக்கொண்டே இறங்கும். கீழே செல்லோ ஒரே ஆட்டத்தில், அடிச்சுரம் அசையாமல், கடைசிவரை நிற்கும். மேலே உள்ள நழுவல் நழுவலாகக் கேட்பதே கீழே ஒருவர் நகராமல் இருப்பதால்தான். (மேலே உள்ள மெட்டு பிசேயுடையதும் அன்று. நாட்டுப்பாடல் என்று நம்பி எடுத்துக்கொண்டார். இராடியேர் என்ற ஸ்பானியர் எழுதியது என்று பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.)

ஆர்கெஸ்ட்ரா என்ற பெரிய குழுவில் ஐம்பது அறுபது பேர் வாசிப்பதை நான்கு பேருக்கு இறக்கி எழுதுவது என் வேலை. ‘எதை விடுவது’ என்பதுதான் சிக்கல் என்று பலர் நினைக்கிறார்கள். விடுவது சுலபம். முரசு இல்லை, செல்லோ வில்லை நடுங்க விட்டு உறுமட்டும் என்று எழுதிவிடலாம். ரொசினியின் ‘வில்லியம் டெல்’ ஓப்பராவின் முன்னிசை ஐந்து தனிச் செல்லோக்களோடு தொடங்குகிறது, நம்மிடம் இருப்பது ஒன்று. அதற்கும் வழி உண்டு. எனக்குத் தூக்கம் கெடுவது, இருக்கும் நால்வருக்கும் வேலையைப் பிரிப்பதில்தான். தொடங்கிய காலத்தில் மெட்டு முழுவதையும் முதல் வயலினுக்கே எழுதுவேன். வயோலாவுக்கு நீள நீளச் சுரங்கள். எங்கள் வயோலாக்காரர் ஒருநாள் தாளை என் மடியில் வைத்து, “இதற்கு நான் எதற்கு ஐயா, ஒரு சுருதிப் பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார்.

பீத்தோவன் 1799இல் வெளியிட்ட ஒரு பியானோ சொனாட்டாவை, அதாவது பியானோ தனியாக வாசிக்கும் ஒரு படைப்பை, தானே நால்வர் குழுவுக்கு மாற்றி 1802இல் வெளியிட்டார். ஆர்கெஸ்ட்ரா அன்று, பியானோதான்; என்றாலும் நான் பாடம் படித்தது அதில்தான். மூலம் ஈ மேஜர், அதாவது ஈ என்ற சுரமே ஆதாரம். நால்வருக்கு எழுதும்போது அரைச்சுரம் ஏற்றி எஃப் மேஜர் ஆக்கினார். வயோலா, செல்லோ இரண்டுக்கும் அடித் தந்தி சி. எஃபை ஆதார சட்ஜமாகக் கொண்டால் சி பஞ்சமம். விரலே வைக்காமல் வில்லை இழுத்தால் பஞ்சமம் முழங்குகிறது. கீழே இருக்கும் இருவரையும் மனத்தில் வைத்து ஊரையே மாற்றிக் குடியேற்றியிருக்கிறார். இப்படி மாற்றும்போது சில பகுதிகளை அடியோடு விட வேண்டும், சிலவற்றைப் புதிதாகச் சேர்க்கவும் வேண்டும் என்று அந்த ஆண்டு ஒரு கடிதத்திலும் சொல்கிறார். நான் விடுவதில் மட்டும் கெட்டிக்காரனாக இருந்தேன்.

ஹேடனும் இப்படி மாற்றியிருக்கிறார். ஸ்பெயினின் காடிஸ் நகரில் புனித வெள்ளி வழிபாட்டுக்காக , சிலுவையில் இயேசு சொன்னவற்றை வைத்து, ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய ‘ஏழு கடைசி வார்த்தைகள்’ 1787இல் நால்வர் குழுவுக்கும் வந்தது. அதன் முடிவில், இயேசு உயிர்விட்டதும் வரும் நிலநடுக்கம். ஆர்கெஸ்ட்ராவில் எக்காளமும் முரசும் இடிக்கும் இடம். நான்கு பேர் வாசிக்கும்போது வில் மயிர் நாலைந்து அறுந்து தொங்கும். எனக்கென்னவோ அந்த நால்வர்தான் கூடுதலாகப் பயமுறுத்துகிறார்கள்.

ஆச்சி கேட்ட கேள்விக்குப் பிறகு ஹபனேராவைத் திருத்தி எழுதினேன். இரண்டாம் சுற்றில் மெட்டு செல்லோவுக்கு, அதன் மேல் தந்தியில், பாடகியின் குரல்போல. அடிநாதம் வயோலாவுக்கு, விரலால் மீட்டி. தாளில் பார்க்க அழகாக இருந்தது. அடுத்த முகூர்த்தம் தேவகோட்டையில். கல்தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, மேலே திறந்த வானம். காற்றுக்குத் தாள் பறக்காமல் துணிக் கவ்வி போட்டிருந்தோம். செல்லோ அருமையாகப் பாடியது. ஆனால் வயோலாவின் அடித் தந்தியில் அத்தனை கனம் கிடையாது. மீட்டிய சுரம் வளவைத் தாண்டுவதற்குள் அடங்கிவிட்டது. இரண்டு வயலினும் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் சற்று முந்தி ஓடின.

கார் ஏறும்போது செல்லோக்காரர் தம் தாளை எடுத்து நீட்டினார். புதிய பகுதியின் குறுக்கே பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

“பழையபடி எனக்கே கொடுத்துவிடுங்கள்” என்றார். “கீழே அந்த இடம் காலியாக இருந்தால் எனக்கே பாட வரவில்லை.”