தோளுக்கு மேல வளந்த புள்ளைக்கு ஒரு அலமாரி குடுங்க

(போன ஞாயித்துக்கிழமை எங்க ஊர் கிளை நூலகத்துல வாசகர் வட்ட ஆண்டு விழாவுல பேசுனது. போன்ல ரெக்கார்ட் பண்ணதக் கேட்டு டைப் பண்ணிருக்கேன், மைக் கத்துன எடத்த மட்டும் விட்டுட்டேன்.)

எல்லாருக்கும் வணக்கம். வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, இன்னைக்கு ரெண்டு காதுகுத்தும் ஒரு கிரகப்பிரவேசமும் இருந்தும் முதல்ல இங்க வந்து உக்காந்திருக்குற நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, மைக் செட்டுக்கு காசு வேணாம்னு சொல்லிட்ட சவுண்ட் சர்வீஸ் அண்ணன் அவர்களே, அப்புறம் நம்ம நூலகர் சார். சார் பேர லிஸ்ட்ல கடைசியில போட்டுட்டாங்க, ஆனா காலையில வந்து கூட்டிப் பெருக்கி சேர் போட்டதே அவர்தான், அதனால அவருக்கு ஒரு கைத்தட்டு குடுங்க. பொன்னாடைக்கு நன்றி. ஏற்கனவே வீட்டுல பீரோ நிறைய இருக்கு, அடுத்த வருஷம் அந்தக் காசுக்கு ஒரு புத்தகம் வாங்கி இங்கயே வச்சுடுங்க.

மூணு விஷயம் பேசலாம்னு வந்திருக்கேன். இளையோர் நாவல எப்படி விமர்சனம் பண்றது, எப்படிப் பரிந்துரைக்கிறது, எதப் பரிந்துரைக்கிறது. இளையோர்னா யாரு? பதிமூணுல இருந்து பதினெட்டு வயசு வரைக்கும். எங்க ஆத்தா ஒரே வரியில சொல்லும், தோளுக்கு மேல வளந்தா தோழன்னு. அதுவரைக்கும் புள்ள, அதுக்கப்புறம் சிநேகிதன். நம்ம ஆளுங்க விமர்சனம் எழுதுறப்ப இதத்தான் மறந்துடுறாங்க.

முதல் விஷயம். நம்ம ஊர்ல விமர்சனம்னா என்ன? கதைய முழுசா சொல்லிடுறது, கடைசியில இந்நூல் நேர்மையை வலியுறுத்துகிறது, அனைவரும் படித்துப் பயன்பெற வேண்டும்னு முடிக்கிறது. நேர்மைய வலியுறுத்துதுன்னு சொன்னா பதினாலு வயசுப் பையன் எடுப்பானா? அவனுக்கு வீட்டுலயும் ஸ்கூல்லயும் நாள் முழுக்க அதத்தான் வலியுறுத்துறாங்க. நான் ஒரு நாவல எடுத்தா முதல்ல பாக்குறது, பிரச்சனைய யாரு தீர்க்குறாங்கன்னு. கடைசி அத்தியாயத்துல ஒரு மாமாவோ கலெக்டரோ வந்து எல்லாத்தையும் சரி பண்ணிட்டா அது இளையோர் நாவல் இல்ல, அது மாமா நாவல். அந்தப் பொண்ணோ பையனோ தானே ஒரு முடிவெடுக்கணும், அது தப்பாப் போனாலும் பரவால்ல. அப்புறம் பேச்சு. ஒன்பதாவது படிக்கிற பையன் கூட்டாளிகிட்ட "நண்பா, நாளை சந்திப்போம்"னா பேசுவான்?

உள்ள என்ன இருக்குங்கறத மறைக்காம சொல்லணும். யெஸ். பாலபாரதி எழுதுன 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020ல சாகித்ய அகாடமியோட பால சாகித்ய புரஸ்கார் வாங்குச்சு. பிள்ளைங்களுக்கு நடக்குற பாலியல் தொந்தரவப் பத்தின கதை. அத போய் "பேசும் பொம்மையின் இனிய கற்பனை"ன்னு மட்டும் எழுதி வச்சா, அது தேவைப்படுற புள்ள கைக்கு அது போய்ச் சேரவே சேராது. தோளுக்கு மேல வளந்தா தோழன், தோழன்கிட்ட மூடி மறைச்சு பேசுவோமா?

ரெண்டாவது, பரிந்துரை. இதுக்கு ஒரு கதை சொல்றேன், நூலகர் சார் இப்பவே சிரிக்கிறாரு, அவரும் அதுல இருக்காரு.

ரெண்டு வருஷம் முன்னாடி மே மாசம். கரண்ட் இல்ல, ஃபேன் ஓடல, நான் உள்ள உக்காந்து பேப்பர்ல விசிறிக்கிட்டு இருக்கேன். ஒரு பையன் வரான், ஒன்பதாவது முடிச்சு லீவு, சும்மா வரல, அவங்க அம்மா போன புடுங்கி வச்சுக்கிட்டு போடா லைப்ரரிக்குன்னு வெரட்டி விட்டிருக்கு. வந்தவன் என்னப் பாத்து "அண்ணே, பேய்க்கதை இருக்கா"ன்னான். அண்ணேன்னு கூப்ட்டதுலயே எனக்கு உச்சி குளுந்து போச்சு, தலையெல்லாம் நரைச்சுக் கெடக்கு. சரி, இவன உருவாக்கிடுவோம்னு முடிவு பண்ணி, பேயெல்லாம் வேணாம் தம்பின்னு ஒரு நல்ல நாவலா எடுத்துக் குடுத்து, அதோட சமூகப் பின்னணி என்ன, அந்தக் காலகட்டம் என்னன்னு கால் மணி நேரம் பேசுனேன். அவன் நின்னு கேட்டான், நல்ல பையன். ஜன்னல் ஓரம் போய் உக்காந்தான். பத்து நிமிஷத்துல திரும்பி வந்தான். என்னடா அதுக்குள்ள முடிச்சுட்டியான்னேன். "இல்லண்ணே, இதுல பின்னாடி கேள்வி பதில் இருக்கா?"ன்னான்.

(சிரிப்பு அடங்க நேரம் ஆச்சு. தலைமையாசிரியை அம்மாவும் சிரிச்சாங்க.)

இருங்க, இன்னும் முடியல. அந்தப் பக்கம் ஒரு பொண்ணு, எட்டாவது இருக்கும், தம்பிய இடுப்புல வச்சுக்கிட்டு நின்னுச்சு. "டேய் அத வச்சுட்டு இத எடு, நாப்பது பக்கம் வரைக்கும் ஒண்ணுமே நடக்காது, தூக்கம் வரும், அதுக்கப்புறம் பாரு, நான் சோறு திங்கல"ன்னு ஒரு புக்க நீட்டுச்சு. அவ்ளோதான் விமர்சனம்! பையன் எடுத்துட்டுப் போயிட்டான். நாலாம் நாள் வந்து இதுக்கு ரெண்டாம் பாகம் இருக்கான்னு கேட்டுச் சண்ட போடுறான். நூலகர் சார் புக்க வாங்கிப் பாக்குறாரு, முதல் பக்கத்துல பென்சில்ல "பக்கம் 40 வரை பொறுக்கவும்"னு எழுதிருக்கு, அந்தப் பொண்ணு கையெழுத்து. ரூல்ஸ்படி அபராதம் போடணும். சார் என்ன பண்ணாரு, பென்சில அழிச்சுட்டு அதையே ஒரு துண்டுச் சீட்டுல எழுதி அட்டையில ஒட்டிட்டாரு. அந்த புக்கு அதுக்கப்புறம் அலமாரியில உக்காரவே இல்ல.

சீர்காழில பொறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931லயே நூலக அறிவியலுக்கு அஞ்சு விதி எழுதுனாரு. அதுல ரெண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், மூணாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். அந்தப் பொண்ணு விதியெல்லாம் படிச்சதில்ல, ஆனா ரெண்டையும் ஒரே நிமிஷத்துல பண்ணிடுச்சு. அதே 1931லதான் மன்னார்குடியில மாட்டு வண்டியில புத்தகத்த ஏத்திக்கிட்டு கிராமம் கிராமமாப் போனாங்க. அமெரிக்காவுல பால்டிமோர் நகரத்துல மார்கரெட் எட்வர்ட்ஸ்னு ஒரு நூலகர் அம்மா, இளையோருக்காகவே வேல பாத்தவங்க, குதிர வண்டியில தெருத்தெருவா புக்கு கொண்டு போயிருக்காங்க, ஆனா நம்ம மாடு முந்திக்கிச்சு. அதே நாட்டுல 1967ல எஸ். இ. ஹின்டன்னு ஒரு பொண்ணு, தன் வயசுப் பசங்களப் பத்தி உண்மையா ஒரு புக்கும் இல்லியேன்னு தானே உக்காந்து ஒரு நாவல் எழுதுச்சு, பதினஞ்சு வயசுல ஆரம்பிச்சு, புக்கு வந்தப்ப பதினெட்டு. பொண்ணு பேரப் பாத்தா ஆம்பள விமர்சகர்கள் ஒதுக்கிடுவாங்கன்னு பதிப்பகத்துல இனிஷியல் மட்டும் போடச் சொன்னாங்களாம், விமர்சகர்கள் லட்சணம் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்.

மூணாவது விஷயம், எதப் பரிந்துரைக்கிறதுன்னு லிஸ்ட் எழுதிட்டு வந்தேன், பாக்கெட்லதான் இருக்கு. ஆனா தலைவர் ஐயா வாட்ச்சப் பாக்குறாரு, அதவிட அவசரமா ஒண்ணு கேக்கணும். லிஸ்ட் குடுத்தா அந்தப் புள்ள எங்க போய் எடுக்கும்? நம்ம நூலகத்தையே பாருங்க. சிறுவர் பகுதியில குட்டிக் குட்டி கலர் சேர், பத்தாவது படிக்கிற பொண்ணு உக்காந்தா முட்டி தாடைல இடிக்குது. பெரியவங்க பகுதிக்குப் போனா போட்டித் தேர்வுக்குப் படிக்கிற தம்பிங்க, பாவம் அவங்களுக்கும் வேற எடம் இல்ல, "ஷ்ஷ்"ங்கறாங்க. நடுவுல இருக்குற வயசு நடுவுலயே நிக்குது. 1948லயே நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது. நாம கட்டுற சொத்து வரியில ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி இருக்கு, ரசீதுல பாருங்க. நான் தானம் கேக்கல, நம்ம காசுல ஒரே ஒரு அலமாரி, நாலு பெரிய சேர், கூட துண்டுச் சீட்டு ஒரு கட்டு. படிச்ச புள்ளைங்களே பிடிச்சுது, பிடிக்கல, இத்தனாவது பக்கத்துல அழுதேன்னு எழுதி ஒட்டட்டும். பிடிக்கலங்கற சீட்டையும் கிழிக்கக் கூடாது. நகர்மன்றத் தலைவர் அம்மா, நீங்க தலையாட்டுனத நூறு பேரு பாத்துட்டாங்க.

வாசல்ல டீ குடுக்குற எடத்துக்குப் பக்கத்துல மனு வச்சிருக்கோம். முதல் கையெழுத்து பெரியவங்க போட வேணாம், அந்த எட்டாவதுப் பொண்ணு இப்ப பத்தாவது, பின் வரிசையில உக்காந்திருக்கு, அது போடட்டும், தோளுக்கு மேல வளந்தாச்சுல்ல. பேனாவ நூல்ல கட்டிருக்கோம், போன வருஷம் மாதிரி அத்துட்டுப் போயிடாதீங்க. வணக்கம்.