மலைச் சதுப்பும் பழுப்புத் தண்ணீரும்

நேயர்களுக்கு வணக்கம். மலையோடைத் தண்ணீரைப் பற்றிப் பேசப் போகிறேன். மண்டபம், உச்சிப்புளி, தங்கச்சிமடம் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பவர்கள், "கடற்கரைக்காரனுக்கு இது எதுக்கு?" என்று நினைக்கலாம். நம் கூட்டுக் குடிநீர் திருச்சி அருகே காவிரியில் எடுப்பது. காவிரியில் பவானி கலக்கிறது. பவானிக்குத் தலைமடை நீலகிரி. அங்கே சோலைக்கும் புல்வெளிக்கும் இடைப்பட்ட பள்ளங்களில் கறுப்பாக ஊறிக் கிடக்கிறது பீட் சதுப்பு.

செத்த புல்லும் வேரும் முழுக்க மக்காமல் தண்ணீருக்குள்ளேயே சேர்ந்து சேர்ந்து உண்டான மண் அது. நீலகிரியில் சில அடியடுக்குகளின் வயது 20,000 ஆண்டுகளைத் தாண்டும். இத்தனை காலம் எப்படி மக்காமல் இருந்தது? செத்த செடியிலிருந்து வரும் பீனால் என்ற பொருட்களை உடைக்கும் நொதிக்கு ஆக்சிஜன் வேண்டும். ஊறிய மண்ணில் அது கிடைக்காது. உடையாமல் தேங்கிய பீனால், மற்ற நொதிகளையும் வேலை செய்யவிடாது. மக்குவதைத் தடுக்கும் இந்தப் பூட்டை 2001-ல் ஆய்வாளர் கிறிஸ் ஃப்ரீமன் குழுவினர் விளக்கினார்கள்.

அரைகுறையாக மக்கியதில் ஒரு பங்கு தண்ணீரில் கரைந்து ஓடைக்கு இறங்கும். மிக நுண்ணிய வடிதாளில் வடித்த பிறகும் தண்ணீரிலேயே நிற்கிற இதைக் கரைந்த கரிம கார்பன் என்கிறோம். தண்ணீருக்குப் பழுப்பு நிறம் தருவது பெரும்பாலும் இதுதான். விஷமல்ல. ஆனால் குளோரின் போட்டால் அதோடு சேர்ந்து குளோரோஃபார்ம் போன்றவற்றை உண்டாக்கும். குடிநீர் சுத்திகரிப்பவர்களுக்கு அதுதான் தலைவலி.

பிரிட்டனில் 1988-லிருந்து மலை ஓடைகளையும் ஏரிகளையும் விடாமல் சோதித்து வருகிறார்கள். பதினைந்து வருடத்துக்குள் பல இடங்களில் இந்தக் கார்பன் ஏறக்குறைய இரு மடங்கானது. பூமி சூடாகிறது, சதுப்பு அழிகிறது என்று பலரும் பயந்தார்கள். 2007-ல் ஆய்வாளர் மான்டீத் குழுவினர் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 522 ஏரி, ஓடைகளின் அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தபோது வேறொரு காரணம் முன்னுக்கு வந்தது. காற்று சுத்தமானதுதான் அது!

நிலக்கரிப் புகையிலிருந்து வந்த கந்தகம் அமில மழையாக மண்ணில் இறங்கிக்கொண்டிருந்த காலத்தில், மண்நீரில் அமிலமும் கரைந்த உப்புகளும் கூடி, கரிம அமிலங்கள் கரையாமல் மண்ணோடு நின்றன. கந்தகம் குறைந்ததும் அவை மறுபடி கரைய ஆரம்பித்தன. வீட்டிலேயே இதற்குச் சற்று ஒப்பான ஒன்றைச் செய்து பார்க்கலாம். கண்மாய்க் கலங்கல் தண்ணீரை இரண்டு டம்ளரில் எடுத்து, ஒன்றில் மட்டும் ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டுக் கலக்கி வையுங்கள். உப்பு போட்டதில் களிமண் திரண்டு சீக்கிரம் அடியில் படியும், மற்றது கலங்கியே கிடக்கும். களிமண்ணும் கரிம அமிலமும் ஒன்றல்லதான். ஆனாலும் உப்பு மிகுந்த நீரில் இவை மிதந்து திரிய முடியாது என்பது இரண்டுக்கும் பொது.

நமக்குச் சுவாரசியமான செய்தி இதில் இன்னொன்று உண்டு. புயற்காற்று கடலிலிருந்து அள்ளிக்கொண்டு போகும் உப்பும் இதே வேலையைச் செய்கிறது. கடலுப்பு அதிகம் விழுந்த காலங்களில் அந்த மலையோடைகளில் கார்பன் தணிந்திருந்தது.

அதற்காக வெப்பமும் வறட்சியும் ஒன்றும் செய்யாது என்று சொல்லவில்லை. வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் ஆக்சிஜன் உள்ளே போகும், நான் சொன்ன பூட்டு தளரும். அதே சமயம் மண்ணிலிருக்கும் கந்தகமும் அமிலமாகி, கரைவதைக் கொஞ்ச நாள் தடுக்கும். அப்புறம் நல்ல மழை வந்தால் சேர்த்து வைத்ததெல்லாம் மேல்மண் வழியே ஓடைக்கு வரும். வருஷக் கணக்கில் பெரும்பகுதி இப்படி வெள்ள நாட்களில்தான் போகிறது. மழைக்கு முன்னால் ஒரு மாதிரி எடுத்துவிட்டு முடிவு சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

சரி, நீலகிரிக்கு வருவோம். பிரிட்டனின் கந்தகக் கதையை அப்படியே அங்கே ஒட்ட முடியாது. அங்கே வாய்க்கால் வெட்டிச் சதுப்பை வடித்து காய்கறி போட்ட இடங்கள் இருக்கின்றன. புல்வெளியில் வாட்டில், யூகலிப்டஸ் என்ற வெளிநாட்டு மரங்கள் ஏறியிருக்கின்றன. ஓடை பழுப்பானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த வாய்க்கால்களைத்தான். வாய்க்காலை அடைத்து நீர்மட்டத்தை ஏற்றும் வேலை பிரிட்டனில் பல மலைகளில் நடக்கிறது. நீலகிரியில் அதைத் தொடங்குவதற்கு முன்னால், மாதந்தோறும் ஒரே ஓடையில், மழை நாட்களையும் விடாமல், ஒரு குப்பி தண்ணீர் பிடித்து அளந்து வைத்தாக வேண்டும். அடைத்த பிறகு கார்பன் குறைந்ததா என்று ஒப்பிட அந்தக் கணக்கு இல்லாமல் முடியாது. நன்றி, வணக்கம்.