தொடர்மாடிப் பிள்ளைகளின் பின்னேரம்

வணக்கம் நேயர்களே.

அமெரிக்காவில் சிகாகோ நகரத்திலே, ராபர்ட் டெய்லர் குடியிருப்பை 1962இல் கட்டி முடித்தார்கள். பதினாறு மாடிகள் கொண்ட 28 கட்டடங்கள். ஒரு காலத்தில் அங்கே இருந்த 27,000 பேரில் ஏறத்தாழ 20,000 பேர் பிள்ளைகள். ஏறத்தாழ மூன்று பிள்ளைக்கு ஒரு பெரியவர்தான். லிஃப்ட் பழுதாகிக் கிடந்தது, போதைக் கும்பல்கள் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டன. 2007க்குள் அத்தனை கட்டடமும் இடிக்கப்பட்டது. வறுமையோடு, பிள்ளைகளைக் கவனிக்கப் போதிய ஆட்கள் இல்லாததும் அங்கே பெரிய குறை.

எங்கள் ஊர்த் தொடர்மாடிகள் சிறியவை. யாழ்ப்பாணத்துக் குருநகர் போன்ற இடத்தில் மேலே பெரியம்மா, கீழே மாமா என்று சொந்தமும் சுற்றியிருக்கும். பெரிய பலம் அது. ஆனால் பள்ளிக்கூடம் 1.30க்கு விடுகிறது, வேலைக்குப் போன தாய் திரும்ப ஆறு மணியாகும். ஐஸ், மாவா என்ற போதைப்பொருள்களை விற்பவன் பிள்ளையைத் தேடுவது அந்த நேரத்தில்தான். மாடிக்கு ஒருவர் முறைவைத்து வாசலில் கதிரை போட்டு இருந்தாலே, படியில் நிற்கும் புதுமுகம் தெரிந்துவிடும். படிக்கட்டு லைட் எல்லாருக்கும் பொது என்பதால் ஒருவரும் மாற்றுவதில்லை. அதை மாடிக்கு ஒரு வீட்டின் பொறுப்பில் விடுங்கள்.

வீட்டுக்குள் விழும் அடியைக் கண்டுபிடிப்பது கஷ்டம். வகுப்பில் நித்திரை கொள்ளும் பிள்ளை, கதவு அடித்துச் சாத்தினால் திடுக்கிடும் பிள்ளை, ரியூசன் முடிந்தும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் நிற்கும் பிள்ளை: இவர்களைக் கவனியுங்கள். பிள்ளை வாய் திறந்தால் கேளுங்கள், குறுக்கு விசாரணை வேண்டாம். பலர் மாறிமாறிக் கேட்டால் பிள்ளை குழம்பும், பிறகு சொல்லவே மாட்டாது. சொன்னதை அதே சொற்களில், திகதி போட்டு எழுதி வையுங்கள்.

தகப்பனிடம் போய் நியாயம் கேட்கவேண்டாம். நல்லெண்ணத்தோடுதான் போவார்கள், ஆனால் அன்றிரவு அடி இரட்டிப்பாகும். "குடும்பப் பிரச்சினை, எங்களுக்கென்ன" என்று கதவைச் சாத்துவது அதைவிட மோசம்.

இலங்கையின் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம். உங்கள் பெயரைச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. பிள்ளையின் வயது, கட்டடம், மாடி, வீட்டு இலக்கம், கண்டது என்ன, கேள்விப்பட்டது என்ன என்று பிரித்துச் சொல்லுங்கள். "அங்கே ஒரு வீட்டில்" என்று மொட்டையாகச் சொன்னால் வருகிற உத்தியோகத்தர் எந்தக் கதவைத் தட்டுவார்? அந்த நிமிடமே உயிருக்கு ஆபத்தென்றால் பொலிஸின் 119.

பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் போட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் பலர் வாய் திறப்பதில்லை. அம்மம்மாவோ சித்தியோ பொறுப்பெடுக்க ஆயத்தமாக இருந்தால், பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் அதை முதல் நாளே சொல்லுங்கள். வழக்கு நீதிமன்றம் போனபிறகு சொல்லப்போனால் காலம் இழுபடும்.