உங்கள் தெரு எந்த ஸ்டேஷன்?

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே, பந்தோபஸ்து வேலைக்கு நடுவிலும் சீருடையோடு வந்து, மேடைக்கு எவ்வளவு அழைத்தும் வராமல் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்ட உதவி ஆணையர் அவர்களே, மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, குடியிருப்போர் சங்கச் செயலாளர்களே, காலையிலிருந்து மைக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொன்னாடை போர்த்தும்போது சரிசெய்துவிடுவார்கள்.

சென்னை மாநகரக் காவலின் வரலாறு, அதன் அமைப்பு, காவலர் குடியிருப்பும் வார விடுமுறையும், போக்குவரத்துப் பிரிவு என்று நான்கு தலைப்புகளை அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறார்கள். நேரம் இருக்கும்வரை பார்ப்போம். நான்குக்கும் பொதுவாக ஒரு பழமொழியைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்: ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.

17ஆம் நூற்றாண்டு. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள், வெளியே இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரம். அந்த நகரத்தைக் காவல் காக்கப் பெத்த நாயக்கர் என்று ஒரு பதவி. அவருக்குக் கீழே தலையாரிகள். ஊதியமாகச் சில நெல்வயல்களும், ஊருக்குள் வரும் அரிசி, மீன், எண்ணெய், பாக்கு போன்ற சரக்குகளின்மேல் சிறு சுங்கமும். இதற்கு ஈடாக ஒரு நிபந்தனை இருந்தது. காவலில் திருட்டு நடந்தால் பொருளை மீட்டுத் தர வேண்டும். மீட்க முடியவில்லையென்றால் நட்டத்தை நாயக்கரே ஈடுகட்ட வேண்டும். ஜார்ஜ் டவுனில் பெத்தநாயக்கன்பேட்டை இன்றும் இருக்கிறது, நிபந்தனைதான் இல்லை. அதைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னால் உதவி ஆணையர் ஐயா இப்போதே எழுந்து போய்விடுவார், ஆகவே சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அன்று களவு கொடுத்தவர் எந்த வாசலில் போய் நிற்பது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

18ஆம் நூற்றாண்டில் அந்த முறை தேய்ந்தது. கொத்தவால், சூப்பிரண்டு என்று பலவற்றைச் செய்து பார்த்தார்கள். 1856இல் மாகாணத் தலைநகரங்களான கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றுக்கும் சேர்த்து 13ஆவது சட்டம் வந்தது. அதோடு சென்னைக்குக் காவல் ஆணையர் என்ற பதவியும் வந்தது. போல்டர்சன் முதல் ஆணையர். 1859இல் மாவட்டங்களுக்கென்று 24ஆவது சட்டம். நகரத்துக்கு ஒன்று, வெளியூருக்கு ஒன்று என்று பிரிந்தது அப்போதுதான். மாவட்டத்தில் எஸ்.பி. ஒருபுறம், தடை உத்தரவு போடும் நிர்வாக நடுவர்கள் மறுபுறம். மாநகரத்தில் இரண்டு அதிகாரமும் ஆணையர் கையிலேயே. 1888ஆம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. ஊர்வலத்துக்கும் பொதுக்கூட்டத்துக்கும் ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுக்கிறோமே, அது இந்தச் சட்டத்தின் 41ஆவது பிரிவு. குடித்துவிட்டுத் தெருவில் ரகளை செய்பவர்மேல் போடும் 'செவன்டி ஃபைவ் கேஸ்' இதன் 75ஆவது பிரிவு. 130 ஆண்டு தாண்டிய சட்டம், தினமும் வேலை செய்கிறது.

1919இல் பராங்குசம் நாயுடு ஆணையரானார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர். 1973இல் தமிழகக் காவல்துறையில் பெண்கள் சேர்ந்தார்கள். 1992இல் ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம். 2006இல் லத்திகா சரண் சென்னையின் முதல் பெண் ஆணையர். எழும்பூர் பாந்தியன் சாலையில் இருந்த ஆணையரகம் 2013இல் வேப்பேரிக்கு மாறியது. பழைய கட்டடம் 2021 முதல் காவல் அருங்காட்சியகம். பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

இப்போது அமைப்பு. உச்சியில் ஆணையர், அடுத்துக் கூடுதல் ஆணையர்கள். மண்டலத்துக்கு ஓர் இணை ஆணையர். மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர் போன்ற காவல் மாவட்டத்துக்கு ஒரு துணை ஆணையர். சில நிலையங்கள் சேர்ந்த சரகத்துக்கு ஓர் உதவி ஆணையர். நிலையத்தில் இன்ஸ்பெக்டர், சட்டம் ஒழுங்குக்கு ஒருவர், குற்றப்பிரிவுக்கு ஒருவர். ஒரே கட்டடத்தில் இருவர் என்பது வெளியே பலருக்குத் தெரியாது. வண்டி திருடுபோனவர் சட்டம் ஒழுங்கு அறை வாசலில் அரை மணி நேரம் நின்றுவிட்டு, 'கிரைம்ல கேளுங்க' என்ற பதிலோடு பக்கத்து அறைக்குப் போவது இதனால்தான். ஆனால் புகார் கொடுக்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியவர் ரைட்டர், அதாவது நிலையத்தின் எழுத்து வேலையைப் பார்க்கும் காவலர். பொது நாட்குறிப்பு, சி.எஸ்.ஆர். என்கிற மனு ரசீது, எஃப்.ஐ.ஆர். என்கிற முதல் தகவல் அறிக்கை எல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் போகும்.

ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் உண்டு. டி1 திருவல்லிக்கேணி, டி3 ஐஸ்ஹவுஸ், இ1 மயிலாப்பூர், எஃப்2 எழும்பூர், ஜே2 அடையாறு, ஆர்1 மாம்பலம். சுருக்கமான, குழப்பமில்லாத முறை. ஆனால் இந்தக் குறியீடு நிலையத்தின் நெற்றியில் மட்டும்தான் எழுதியிருக்கிறது. அந்த நிலையம் காக்கும் தெருவில் எழுதியில்லை. என் பேச்சின் சங்கதியே இதுதான்.

ஒரு கதை சொல்கிறேன். எந்த நிலையம் என்று தேடாதீர்கள், பாலம் இருக்கிற எல்லா ஊரிலும் சொல்லும் கதைதான். ஓர் அம்மா ஸ்கூட்டரில் பாலம் ஏறுகிறார். பின்னால் பைக்கில் இரண்டு பேர். ஏற்றத்தில் கை வைத்துச் சங்கிலியை இழுக்கிறான். சங்கிலி அறுந்தது பாலத்தின் நடுவில். டாலர் விழுந்தது இறக்கத்தில். பைக் பறந்தது அந்தப் பக்கம். அந்த அம்மா இந்தக் கரை நிலையத்துக்கு ஓடினார். 'எங்கேம்மா அறுந்தது?' 'நடுவில.' 'நடுப்பாலத்துக்கு அப்புறம் அவங்க லிமிட்.' அந்தக் கரைக்குப் போனார். 'கை வைச்சது எங்கே?' 'ஏற்றத்தில.' 'அப்போ சம்பவம் அங்கேதானே?' திரும்பி வந்தார். 'டாலர் எங்கே விழுந்துச்சு?' 'இறக்கத்தில.' 'பாருங்க, சொத்து அங்கே விழுந்திருக்கு!' மூன்றாவது முறை பாலம் ஏறும்போது அந்த அம்மா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் கேட்டாராம்: 'ஐயா, அடுத்த தடவை அறுக்கிறவன்கிட்ட, கொஞ்சம் தள்ளி வந்து முழுசா ஒரே லிமிட்ல அறுப்பான்னு சொல்லிடட்டுமா?'

சிரிக்கிறீர்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். அந்த அம்மா பாலத்தில் ஏறி இறங்கிய நேரத்தில் பைக் எத்தனை கேமராவைத் தாண்டியிருக்கும்? கடைக்காரர் வைத்திருக்கும் கேமராப் பெட்டியில் பதிவு சில வாரங்கள்தான் நிற்கும். அதற்குப் பிறகு பழையதன்மேல் புதியது ஏறிவிடும். போன் பறிபோனால் இன்னும் மோசம். ஐ.எம்.இ.ஐ. என்கிற போனின் அடையாள எண்ணை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்கப் புகாரின் நகல் வேண்டும். நகல் கைக்கு வரும்வரை அந்தக் கருவி அடுத்தவன் சிம்மோடு உயிரோடு இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு, பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறோம். எண்ணுக்குப் பதில் பூஜ்யம் போட்டுப் பதிந்து, எல்லைக்குரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே அவர்கள் தங்கள் வரிசை எண்ணைக் கொடுப்பார்கள். குற்றம் எந்த எல்லையில் நடந்தது என்றே தெளிவில்லாதபோது, சம்பந்தப்பட்ட எந்த எல்லையின் நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்கிறது 198ஆவது பிரிவு. பாலத்துக் கதைக்குச் சட்டத்தில் விடை இருக்கிறது.

பிறகு ஏன் மறுக்கிறார்கள்? சோம்பல் என்று மட்டும் சொல்வது அநியாயம். பதிவான வழக்கு கூடினால், அந்த நிலையத்தில் குற்றம் கூடிவிட்டது என்று மேலதிகாரியும் படிக்கிறார், பத்திரிகையும் படிக்கிறது. மாதாந்திரக் குற்றக் கூட்டத்தில் கேள்விக்கு நிற்பவர் நேர்மையாகப் பதிந்த இன்ஸ்பெக்டர்தான். ஆகவே சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அது மனு பெற்றதற்கான ரசீது மட்டுமே, வழக்குப் பதிவு ஆகாது. வண்டிக் காப்பீட்டுக்காரர் அதை ஏற்கமாட்டார், எஃப்.ஐ.ஆர். கேட்பார்.

எல்லைக் குழப்பம் இப்போது இன்னும் கூடியிருக்கிறது. 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. அதே மாநகரத்தைச் சுற்றி 2022 ஜனவரி 1இல் தாம்பரம், ஆவடி என்று இரண்டு ஆணையரகங்கள் தனியாகப் பிரிந்தன. செம்மஞ்சேரிக்காரர் சொத்து வரியைச் சென்னை மாநகராட்சிக்குக் கட்டுகிறார். காவல் நிலையம் தாம்பரம் ஆணையரகத்தில். இது யாருடைய தப்பும் இல்லை. நிர்வாக வசதிக்காகக் கோடு போட்டார்கள், கோட்டைத் தெருவில் யாரும் காட்டவில்லை. ஊர் இரண்டுபட்டால்... மீதியை நீங்களே சொல்லுங்கள்.

மாமன்ற உறுப்பினர் அம்மா இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். மாநகராட்சியின் தெருப் பெயர்ப் பலகையில் வார்டு எண், மண்டலம், அஞ்சல் குறியீடு போடுகிறீர்கள். அதே பலகையில் 'இ1' என்று இரண்டே எழுத்து சேருங்கள். புதுப் பலகை வேண்டாம், மறுபடி வண்ணம் பூசும்போது செய்தால் போதும். பாலத்தின் இரு முனையிலும், எல்லைத் தெருக்களின் இரு பக்கமும் முதலில் போடுங்கள். நூறுக்கு அழைப்பவர் முகவரி தெரியாமல் தவிக்கும்போது பலகையைப் படித்தால் கட்டுப்பாட்டு அறைக்கும் உதவும். உதவி ஆணையர் ஐயா தலையசைத்ததைக் குறித்துக்கொள்கிறேன்.

காவலர் குடியிருப்பு பற்றியும் வார விடுமுறை பற்றியும் பேசுவதாகச் சொன்னேன். விடுமுறைக்கு 2021இல் அரசாணை வந்தது. திருவிழாவும் தலைவர்கள் வருகையும் அதை எப்படி விழுங்குகின்றன என்பது தனிக் கூட்டத்துக்கான பேச்சு. போக்குவரத்துப் பிரிவைப் பற்றிப் பேச அவைத் தலைவர் வேறு நாள் தருவதாகத் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார்.

கடைசியாக, மறுத்தால் என்ன செய்வது? புகாரை இரண்டு பிரதி எழுதுங்கள். நாள், நேரம், இடம், போன பொருளின் அடையாளம், போனின் ஐ.எம்.இ.ஐ. அல்லது வண்டியின் சேசிஸ் எண் எல்லாம் முதல் பத்தியிலேயே வரட்டும். பதிய மறுத்தால் சண்டை வேண்டாம். மறுத்தவரின் பதவி, நேரம் இரண்டையும் குறித்துக்கொண்டு, புகாரைத் துணை ஆணையருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். 173இன் 4ஆவது உட்பிரிவு அதற்குத்தான். அங்கும் அசையவில்லையென்றால் பிரமாணப் பத்திரத்தோடு நீதித்துறை நடுவரிடம் போகலாம். அஞ்சல் ரசீது இல்லாமல் போகாதீர்கள், மனு திரும்பிவிடும். மின்னஞ்சலில் புகார் அனுப்பினால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம், அங்கேயே கேட்டு வாங்குங்கள். சான்றிதழ் தொலைந்ததற்கு நிலையத்துக்கே போக வேண்டாம், காவல்துறை இணையதளத்திலேயே அறிக்கை எடுக்கலாம்.

பலகைக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்தோடு உங்கள் தெருவின் பெயரையும், தெரிந்தால் நிலையத்தின் எண்ணையும் எழுதுங்கள். தெரியாவிட்டால் 'தெரியாது' என்றே எழுதுங்கள், அதுவும் மனுவுக்குப் பலம்தான். அடுத்து வழக்கறிஞர் அம்மா பேசுகிறார்கள்; புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை பற்றி அவர்களிடமே கேளுங்கள். நன்றி, வணக்கம்.